நடுவர் சொல்லாத பெயர்

டென்னிஸ் நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற சொற்கள் மிகக் குறைவு. சில எண்கள், 'அட்வான்டேஜ்', 'கேம்', அதன்பின் ஒரு பெயர். வருடம் முழுக்க அந்த இடத்தில் வருவது ஆட்டக்காரரின் பெயர். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் அங்கே நாட்டின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அட்வான்டேஜ் இந்தியா.' 'கேம், ஸ்வீடன்.' சட்டையின் முதுகிலும் அதே பெயர்தான். பத்துப் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்த தன் பெயரை, கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல விட்டுவிட்டு, ஆட்டக்காரர் அந்த வாரம் உள்ளே போகிறார்.

தொலைக்காட்சியில் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சில வருடங்களாக அந்தச் சிலிர்ப்பின் மீதே ஒரு சந்தேகமும் வந்திருக்கிறது. சிலிர்ப்பது நான், செருப்பு அவருடையது. வெளியே வரும்போது விட்ட இடத்தில் அது இருக்குமா என்ற கவலையும் அவருடையது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு டென்னிஸ்காரர்களின் பிழைப்பு எளிதில் பிடிபடுவதில்லை. கிரிக்கெட்டில் நாட்டு அணிதான் ஏணியின் உச்சி. அங்கே போய்ச் சேர்ந்தவருக்குச் சம்பளம், விமானச் சீட்டு, மருத்துவர் எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. டென்னிஸில் நாடு அந்த ஏணியிலேயே கிடையாது. ஆட்டக்காரர் தானே ஒரு சின்னக் கடை மாதிரி. பயிற்சியாளர் சம்பளம், பிசியோ, விடுதி, விமானம் எல்லாம் அவர் கல்லாவிலிருந்துதான் போகவேண்டும். வென்று சேர்த்த தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். சென்ற வருடம் இதே வாரம் சம்பாதித்ததை இந்த வருடமும் சம்பாதித்தால்தான் இருந்த இடத்தில் நிற்கலாம். டேவிஸ் கோப்பையில் வென்றால் தரவரிசைப் புள்ளி உண்டு என்ற ஏற்பாடு 2009 முதல் 2015 வரை இருந்தது; பிறகு அதுவும் போய்விட்டது. போதாததற்கு, ஆட்டம் எந்தத் தரையில் நடக்கும் என்று முடிவுசெய்வது வீட்டுக்கார நாடு. மாதக்கணக்கில் ஹார்டு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருப்பவர் ஒரு வாரத்துக்குப் புல்தரைக்கோ செம்மண் தரைக்கோ கால்களைப் பழக்கி, மறுவாரம் பழைய தரைக்குத் திரும்பவேண்டும்.

2023இல் சுமித் நாகல், வருடம் முழுக்க ஆடியும் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் முதலிடத்தில் இருந்தவர் அவர்.

எங்கள் பக்கத்து மைதானத்தில் ஒரு தகப்பனாரைப் பார்ப்பேன். பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். பையன் உள்ளே ஆடிக்கொண்டிருக்க, அவர் வேலிக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவார். பந்து, மட்டைக்கு நரம்பு கட்டிய கூலி, கோச்சுக்குக் கொடுத்தது, வெளியூர்ப் போட்டிக்கு இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட். ஒருநாள் பேச்சுவாக்கில், "எதுக்குங்க சார் இதெல்லாம் எழுதி வைக்கிறீங்க, திருப்பிக் கேக்கப் போறீங்களா?" என்றேன். சிரித்தார். "யார்கிட்ட சார் கேக்கறது?" என்றார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டின் பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தால், அவை வேறு மாதிரி தெரிகின்றன.

*

1959இல் ஜாக் கிரேமர் இந்திய ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணனிடம் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். மூன்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் உத்தரவாதம். அந்தக் காலத்தில் டென்னிஸ் உலகத்துக்கு இரண்டு வாசல்கள். பரிசுப் பணம் வாங்காத அமெச்சூர்கள் ஒரு வாசலில், காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடும் தொழில்முறைக்காரர்கள் இன்னொரு வாசலில். கிரேமர் இரண்டாவது வாசலின் முதலாளி. அங்கே கையெழுத்துப் போட்டவருக்கு விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அன்றோடு மூடிவிடும். கிருஷ்ணன் மறுத்தார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1966இல் கல்கத்தாவில், பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்ற நிலையிலிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். பத்ம ஸ்ரீயும் பத்ம பூஷணும் கிடைத்தன. பிற்காலத்தில் சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக எரிவாயு ஏஜென்சிக்கு வரமாட்டார்கள்; ஒப்பந்தத்தை மறுத்ததோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே நிறுத்தினால்தான் அது தியாகக் கதையாகும், அடுத்த தலைமுறைக்குச் சுட்டிக்காட்டவும் தோதாக இருக்கும். 'அவர் ஒன்றரை லட்சம் டாலரை உதறினார், நீ விமானத்தில் எந்த வகுப்பு என்று கேட்கிறாய்' என்று. கிருஷ்ணன் யாரையும் அப்படி அளக்கச் சொல்லி அதை மறுக்கவில்லை. எந்த ஆட்டத்தை ஆட ஆசையோ அதைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். ஒருவர் மனமுவந்து கொடுத்ததை எல்லோருக்குமான வரியாக மாற்றுகிற வேலையை மற்றவர்கள் பின்னால் செய்தார்கள். 1968இல் இரண்டு வாசல்களும் ஒன்றாகி 'ஓப்பன்' யுகம் வந்தது. விம்பிள்டனில் ஆடிக்கொண்டே காசும் வாங்கலாம் என்றானது. அதோடு, நாட்டுக்கு ஆடுவதற்கும் பிழைப்புக்கு ஆடுவதற்கும் நடுவே எந்த வாரத்தை எதற்குக் கொடுப்பது என்ற சச்சரவும் தொடங்கிவிட்டது.

*

அந்தச் சச்சரவு முதன்முதலில் பெரிதாக வெடித்தது 1973இல். யூகோஸ்லாவியாவின் நிகி பிலிச் நியூசிலாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டு வரவில்லை என்று அந்நாட்டு டென்னிஸ் சம்மேளனம் குற்றம் சாட்டியது. மாண்ட்ரியலில் நடந்த இரட்டையர் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால்தான் வருவேன் என்று முன்பே சொல்லியிருந்ததாக பிலிச் வாதிட்டார். சம்மேளனம் ஒன்பது மாதத் தடை விதித்தது. உலக அமைப்பு அதை ஒரு மாதமாகக் குறைத்தது. அந்த ஒரு மாதத்துக்குள் விம்பிள்டன் விழுந்தது. முந்தின வருடம்தான் தொடங்கியிருந்த ஆட்டக்காரர்கள் சங்கம் அவர் பின்னால் நின்றது. 81 பேர் அந்த வருட விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள்.

முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லாத அந்த விம்பிள்டனில் சென்னையைச் சேர்ந்த 19 வயது விஜய் அமிர்தராஜ் காலிறுதி வரை போய், அங்கே பட்டம் வெல்லவிருந்த யான் கோடேஷிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். ஒருவர் தன் நாட்டோடு போட்ட சண்டை எங்கோ இருக்கிற இன்னொருவருக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

எனக்கு பிலிச்சின் கதையில் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்ததுதான். நாட்டுக்கு ஆட வராதவர் என்று பெயர் வாங்கிய அதே ஆள், அணித் தலைவராக ஜெர்மனிக்கு மூன்று முறையும் குரோஷியாவுக்கு ஒருமுறையும் டேவிஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவரைத் தடைசெய்த யூகோஸ்லாவியா இன்று வரைபடத்திலேயே இல்லை. நடுவர்கள் அத்தனை வருடம் உரக்கச் சொன்ன அந்தப் பெயர் போய்விட்டது. டேவிஸ் கோப்பையில் நடுவர் சொல்லாமல் விட்ட 'பிலிச்' நிற்கிறது. நாடு நிரந்தரம், ஆள்தான் வந்து போகிறவன் என்று நாம் பேசிக்கொள்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

*

அடுத்த வருடம் கதை தலைகீழானது. 1974இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை இந்தியா சந்தித்தது. விஜயும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இரட்டையர் ஆட்டம் 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று முடிந்தது. கூட்டிப் பார்த்தால் 99 கேம்கள். டேவிஸ் கோப்பைக்கு டைபிரேக்கர் வந்திராத காலம். ஒரு செட் எப்போது முடியும் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. கல்கத்தாவின் கோடை வெயில் வேறு. அந்த ஆட்டத்தை வென்று, ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்று, பிறகு புனேயில் சோவியத் யூனியனையும் வென்று, இந்தியா இறுதி ஆட்டத்துக்குப் போனது. எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆட முடியாது என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கா கோப்பையை வாங்கிக்கொண்டது. அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்ற நால்வரைத் தாண்டி யாருமே வென்றிராத கோப்பை.

அந்த முடிவு சரியென்றுதான் நானும் நினைக்கிறேன். விஜயும் பின்னாளில் அப்படித்தான் சொன்னார். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆட்டக்காரர்கள் ஆடத் தயாராக இருந்தார்கள். நாடு ஆட மறுத்தது. ஆட்டக்காரர் மறுத்தால் அதற்குத் துரோகம் என்றும் பேராசை என்றும் வாயில் வந்த பெயர்களை வைத்திருக்கிறோம். நாடு மறுத்தால் அதற்குக் கொள்கை என்று பெயர். கொள்கைக்கான விலையைக் கட்டியவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு மூன்று இளைஞர்கள். அந்தப் பையன்களை வளர்க்க, தாய் மேகி அமிர்தராஜ் அட்டைப்பெட்டித் தொழில் நடத்தினார். அவர் வீட்டுக் கணக்கு நோட்டில் 1974 டிசம்பர் பக்கத்தில் என்ன எழுதியிருக்க முடியும்?

இந்த மூன்று கதைகளிலும் 'நாடு' என்று ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் மூன்று இடத்திலும் நிற்பது வேறு வேறு ஆள். கிருஷ்ணனைக் கூப்பிட்ட நாடு ஒரு பற்று; கல்கத்தாவின் கூட்டம், தானும் ஆட்டக்காரராக இருந்து மகனுக்குக் கற்றுக்கொடுத்த அப்பா, சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு பெயர். பிலிச்சைத் தடைசெய்த நாடு ஓர் அலுவலகம். முத்திரையும் லெட்டர் பேடும் வைத்திருக்கிற சங்கம். 1974இல் மறுத்த நாடு ஓர் அரசு. மூவரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால்தான் குழப்பம். ஆட்டக்காரருக்குச் சண்டை பெரும்பாலும் அலுவலகத்தோடு. நமக்கு அது பற்றோடு போட்ட சண்டையாகக் கேட்கிறது.

*

இதை இத்தோடு விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். அந்தச் சட்டை சிலருக்குப் பாரமாக இருந்ததில்லை. சிலரை அது தங்கள் அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறது.

1987இல் விஜய்க்கு 33 வயது. தரவரிசையில் வெகு கீழே போயிருந்தார். டெல்லியில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஜைட்டேயிடம் மேட்ச் பாயின்ட்டில் தப்பி ஐந்து செட்டில் வென்றார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கடைசி ஆட்டத்தை முடித்துவைத்தார். அதே வருடம் சிட்னியின் புல்தரையில் ரமேஷ் மறுபடியும் கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். யோட்டபோரியில், ஸ்வீடன்காரர்கள் விரித்துவைத்த செம்மண் தரையில் 0-5 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். லியாண்டர் பயஸ் ஒற்றையர் தரவரிசையில் 73க்கு மேல் ஏறியதே இல்லை. 1995இல் டெல்லியில் கோரான் இவானிசெவிச்சிடம் இரண்டு செட் பின்தங்கியிருந்து வென்றவர் அவர்தான். அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம். தன் பெயரில் ஆடும்போது ஓர் ஆள், நாட்டின் பெயரில் ஆடும்போது இன்னோர் ஆள்.

இது எப்படி என்று யோசித்திருக்கிறேன். ஒரு சின்ன விஷயம் தோன்றுகிறது. டென்னிஸ் மைதானத்தில் வருடம் முழுக்க ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமுடியாது. பயிற்சியாளரின் இடம் தூரத்துப் பார்வையாளர் வரிசை. ஆட்டத்தின் நடுவே அங்கிருந்து கையைக் காட்டுவதே மிகச் சமீபகாலம் வரை குற்றம். டேவிஸ் கோப்பை மாதிரியான அணிப் போட்டிகளில் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அணித் தலைவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு கேமுக்கு ஒருமுறை ஆட்டக்காரர் வந்து உட்காரும்போது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, தோளுக்குத் துண்டைப் போட்டு, காதருகே குனிந்து ஏதோ சொல்வார். என்ன சொல்கிறார் என்பது பெரிதில்லை. ஐம்பது வாரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த வாரம் பக்கத்தில் ஒரு மனுஷக் குரல். பற்று என்ற நாட்டைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமென்றால் அது அந்த நாற்காலிதான். அலுவலகம் என்ற நாடு ஏதாவது செய்ய விரும்பினால், அந்த நாற்காலியை மீதி ஐம்பது வாரமும் அவர்களோடு அனுப்பலாம்.

*

பணத்துக்கு வருவோம். பேச்சு அங்கே வரும்போதுதான் நமக்கு முகம் சுளிக்கிறது.

2013 தொடக்கத்தில் இந்தியாவின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர், பரிசுப் பணத்தில் நியாயமான பங்கு, சரியான பிசியோ, நிர்வாகத்தில் மாற்றம் என்று கேட்டு விலகி நின்றார்கள். தென்கொரியாவுக்கு எதிராக பயஸோடு அனுபவமில்லாத ஓர் அணி இறங்கி 1-4 என்று தோற்றது. 2024 பிப்ரவரியில் இந்தியா 60 வருடம் கழித்து டேவிஸ் கோப்பைக்காகப் பாகிஸ்தான் போனது. சுமித் நாகலும் சசிகுமார் முகுந்தும் போகவில்லை. இஸ்லாமாபாத்தில் விரித்திருந்தது புல்தரை. சென்னை ராம்குமார் ராமநாதனும், இரட்டையர் ஆட்டக்காரராகவே அறியப்பட்ட கோவை ஸ்ரீராம் பாலாஜியும் ஒற்றையர் ஆடி வென்றார்கள். அதற்கு மறுவாரம் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் சேலஞ்சர். நாகல் பட்டம் வென்று, முதன்முறையாக உலகின் முதல் 100 பேருக்குள் நுழைந்தார். போனவர்கள் செய்தது சரி. போகாதவர் கணக்கும் தவறவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கமுடியும் என்பதைத்தான் நம் பேச்சு ஏற்க மறுக்கிறது.

அதே வருடம் செப்டம்பரில், முதுகு வலி என்று ஸ்வீடனுக்குப் போகாத நாகல், நாட்டுக்கு ஆட வருடத்துக்கு 50,000 டாலர் கேட்டார் என்று அகில இந்திய டென்னிஸ் சங்கம் பகிரங்கமாகச் சொன்னது. தொழில்முறை விளையாட்டில் உழைப்புக்கு ஊதியம் பெறுவது உலக நடைமுறை என்பது அவர் பதில். எது நியாயமான தொகை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தொகையை வெளியே சொன்ன விதத்தில் ஒரு தந்திரம் இருந்தது. அலுவலகம் பேரம் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை, பற்றின் நீதிமன்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே எந்தத் தொகையைச் சொன்னாலும் ஆட்டக்காரர்தான் தோற்பார். அலுவலகத்தின் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆடவேண்டுமென்றால் தேசியச் சங்கத்தோடு நல்ல உறவில் இருக்கவேண்டும், டேவிஸ் கோப்பை அணியில் குறிப்பிட்ட தடவை இடம்பெற்றிருக்கவேண்டும் என்பது விதி.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். செய்தே ஆகவேண்டிய கடமை ஒன்று. வாங்கியதைத் திருப்பித் தருவது இன்னொன்று. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்று பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் அறிமுகம். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று ஒவ்வொருவரின் கடனையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் போர்க்களம் போகும் இளைஞனிடம் வருகிறது. அவன் கடமையை மட்டும் பிய்த்தெடுத்து மேடையில் முழங்குகிறோம். அவனுக்கு முன்னால் நான்கு பேர் தங்கள் பங்கைச் செய்து முடித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பாட்டின் கட்டுமானம். கொல்லன் வேலை வடித்துக் கொடுத்தாக வேண்டும். வேந்தனின் பங்கு என்ன என்பதில் பாடபேதம் உண்டு. 'நன்னடை' என்று ஒரு பாடம். அப்படிப் படித்தால் நல்லொழுக்கம் சொல்லிக்கொடுப்பது. 'தண்ணடை' என்று இன்னொரு பாடம். அப்படிப் படித்தால் மருதநிலம், வீரனுக்குக் கொடுக்கும் வயல். எது மூலபாடம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இந்த விளையாட்டின் அலுவலகங்கள் முதல் பாடத்தைத் தேர்ந்துகொண்டு நூறு வருடமாக ஆட்டக்காரர்களுக்கு நன்னடை போதித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிகிறது. வயலைப் பற்றிக் கேட்டால் கோபம் வருகிறது.

2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரத்தில் இந்தியா 3-1 என்று வென்றது. நாகல் திரும்பி வந்து இரண்டு ஒற்றையர் ஆட்டங்களை வென்றார். மதுரையிலிருந்து வந்த தக்ஷினேஸ்வர் சுரேஷ் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். ஒரு வருடத்துக்கு முன் காசு கேட்டவர் என்று பேசப்பட்டவர் இப்போது நாட்டைத் தூக்கி நிறுத்தியவரானார். நடுவர் இந்த இரண்டையும் சொல்லவில்லை. 'கேம், இந்தியா' என்றார். மறுவாரம் எல்லோரும் வாசலில் விட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள்.

எங்கள் மைதானத்துப் பையனுக்கு இந்த வருடம் மாநில அணியில் இடம் கிடைத்தது. மஞ்சள் சட்டை, முதுகில் 'தமிழ்நாடு' என்று அச்சிட்ட எழுத்து. போன வாரம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது அது மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் எழுத்து உரிந்துவிடாமல் இருக்க, சட்டையின் உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார்கள். பின்பக்கத்துத் தையல், நூல் பிசிறு, கழுத்தோரம் துணிக்கடைச் சீட்டு எல்லாம் தெரிந்தன. அதற்குக் கொடுத்த காசும் டைரியில் ஏறியிருக்கும்.